பிரசவ அறையில் இருக்கப்போவது வேறொரு மிட்வைஃப்

கேள்வி: எனக்கு 24 வயது. மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம். முதல் பிள்ளை, 33 கிழமை முடிந்துவிட்டது. பொங்கலை ஒட்டித் தேதி தந்திருக்கிறார்கள். கணவர் கட்டாரில் வேலை; பிள்ளை பிறந்த பிறகுதான் வருவார். நான் அம்மாவோடும் அம்மம்மாவோடும் இருக்கிறேன். எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ் நல்லவர், எதையும் அவரிடம் கூச்சமில்லாமல் கேட்கலாம். ஆனால் பிரசவ அறையில் அவர் இருக்கமாட்டாராம். அக்காவின் பிரசவத்தின்போது அவளை நன்றாக ஏசினார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அம்மம்மா தன் ஏழு பிள்ளைகளையும் மருத்துவிச்சியின் கையால் வீட்டிலேயே பெற்றவர். எங்கள் மிஸ்ஸை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பெறமுடியாதா? முடியாவிட்டால், மீதி ஏழு கிழமைக்குள் அவரோடு சேர்ந்து நான் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

பதில்:

மகள், வீட்டில் வைத்துப் பெற முடியாது. சுற்றிவளைக்காமல் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்பதை அம்மம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அம்மம்மா சொல்வதில் பொய் இல்லை. நான் மிட்வைஃப் வேலைக்கு வந்த புதிதில் எனக்குப் பழக்கித் தந்த மூத்த மிட்வைஃப்மார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வயல் வரம்பால் நடந்துபோய் வீடுகளில் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள். அவர்களுடைய கைகளை நான் இன்றைக்கும் கும்பிடுவேன். ஆனால் பழைய கதை சொல்லும்போது ஒரு இடத்தில் வந்து நிறுத்திவிடுவார்கள். பிள்ளை பிறந்து அழுதிருக்கும், வீட்டில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள், நச்சுக்கொடியும் விழுந்திருக்கும். கர்ப்பப்பை மட்டும் இறுகியிருக்காது. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு ஒரு நிமிடத்தில் அரை லீற்றர் அளவு இரத்தம் ஓடுகிறது. கொடி கழன்ற இடம் சுருங்கி மூடாவிட்டால் அது திறந்துவிட்ட பைப் மாதிரி. யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. கிளினிக்கில் கடைசிவரை 'எல்லாம் சரி' என்று எழுதப்பட்ட பெண்ணுக்கும் நடக்கும். அந்த நேரத்தில் தேவைப்படுவது ஊசி, இரத்தம், ஒப்பரேஷன் தியேட்டர். வாவிக்கு மேற்கே, உங்கள் படுவான்கரையிலிருந்து அவற்றைத் தேடிப் புறப்பட அந்தத் தாய்க்கு நேரம் இருக்காது. இன்று இலங்கையில் நூற்றுக்கு 99க்கு மேற்பட்ட பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் பிறப்பதற்குக் காரணம் இதுதான். அம்மம்மாவிடம் அவர் பெற்ற ஏழு பிள்ளைகளின் கதையைக் கேட்டிருக்கிறீர்கள். அவர் காலத்தில் ஊரில் பிள்ளைப்பேற்றில் போன பெண்கள் யார் யார் என்றும் ஒருநாள் கேளுங்கள். பெயர் பெயராகச் சொல்வார்.

சரி, இனி உங்கள் மற்றக் கேள்வி. அதுதான் எனக்குப் பிடித்த கேள்வி.

1926இல் களுத்துறையில் நாட்டின் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கினார்கள். ஒரு பகுதிக்கு ஒரு மிட்வைஃப், அவர் வீடு வீடாகப் போவார் என்ற ஏற்பாடு அப்படி வளர்ந்து வந்ததுதான். கடுதாசியில் குடும்பநல உத்தியோகத்தர் என்று இருக்கும், ஊருக்கு அவர் மிட்வைஃப் மிஸ். நீங்கள் எதைச் சாப்பிடுகிறீர்கள், வீட்டில் யார் குரல் பெரிது, எதற்குப் பயப்படுகிறீர்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். பிரசவ அறையில் நிற்கும் மிட்வைஃப்புக்கு இதில் ஒன்றுமே தெரியாது. அவருடைய கையில் கிடைப்பது உங்கள் அட்டையும், நோவோடு வந்திறங்கிய உங்கள் முகமும்தான். ஆகவே இந்த ஏழு கிழமையில் செய்யவேண்டிய பெரிய வேலை, முதலாமவருக்குத் தெரிந்ததை இரண்டாமவருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. மூச்சுப் பயிற்சி, பை அடுக்குவது எல்லாம் அதற்குப் பிறகு.

அட்டையிலிருந்து தொடங்குங்கள். நம்முடைய பெண்கள் கர்ப்பிணி அட்டையைக் கண்ணாடி உறையில் போட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். ஒரு மூலை கசங்கியிருக்காது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் தெரியாது. அடுத்த முறை மிஸ் வீட்டுக்கு வரும்போது அவரை உட்காரவைத்து, ஒவ்வொரு கட்டமாகச் சொல்லித்தரக் கேளுங்கள். உங்கள் இரத்த வகை என்ன? ஹீமோகுளோபின் கடைசியாக எத்தனை? 11க்குக் கீழே என்றால் இரும்புக் குளிசையை ஒழுங்காகப் போட இன்னும் காலம் இருக்கிறது. தேத்தண்ணியோடு மட்டும் போடாதீர்கள், கல்சியம் குளிசையோடும் சேர்க்காதீர்கள், இரண்டும் இரும்பை உடம்பில் சேரவிடாது. பிரஷர் முதல் மாதத்தில் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு? சீனிப் பரிசோதனை என்ன சொன்னது? பிள்ளையின் தலை கீழே வந்துவிட்டதா? 33 கிழமையில் தலை மேலே இருந்தால் பதறவேண்டாம், பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே திரும்பிவிடும். 36 கிழமையில் மறுபடி பார்த்துவிட்டுத்தான் முடிவு. இந்த ஐந்தாறு விசயத்தை நீங்களே வாயால் சொல்லத் தெரிந்துவைத்திருந்தால், வாட்டில் உங்களை ஏற்பவர் உங்களோடு கதைக்கும் விதமே மாறும். இது நான் கண்ணால் கண்டது.

அடுத்தது, அரைப் பக்கத் தாள் ஒன்று. மிஸ்ஸோடு சேர்ந்து எழுதுங்கள். இணையத்தில் நான்கு பக்கத்துக்கு 'பிரசவத் திட்டம்' என்று அச்சடித்துக் கொண்டுவருபவர்களைக் கண்டிருக்கிறேன். இரவு இரண்டு மணிக்கு மூன்று கட்டிலுக்கு நடுவில் ஓடுகிறவர் அதை வாசிக்கப் போவதில்லை. ஐந்து வரி போதும். முதல் பிள்ளை. கணவர் வெளிநாட்டில், இன்னார் என்னோடு நிற்பார். உள்ளே பரிசோதிக்க முன் எனக்குச் சொல்லுங்கள், எனக்கு அது பயம். முடிந்தவரை எழும்பி நடக்க விரும்புகிறேன். பிள்ளையைப் பிறந்தவுடன் நெஞ்சில் போடுங்கள். இவ்வளவுதான். உத்தரவு மாதிரி இல்லாமல், கேட்டுக்கொள்வது மாதிரி எழுதுங்கள். அம்பாறைப் பக்கத்தில் இதை வாசிக்கிறவர்கள், சிங்களம் பேசும் வாட்டுக்குப் போகவேண்டி வந்தால் அதே ஐந்து வரியைச் சிங்களத்திலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மிட்வைஃப் அல்லது சிங்களம் தெரிந்த ஒருவர் ஐந்து நிமிடத்தில் எழுதித் தருவார்.

இனி அக்காவுக்குக் கிடைத்த ஏச்சு. இதில் நான் யோக்கியர் மாதிரி எழுத முடியாது. நான் பிரசவ வாட்டில் வேலை செய்த ஒரு காலம் உண்டு. ஓர் இரவு ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு நோ முற்றிவிட்டது, நாங்கள் இரண்டு பேர்தான். கத்திக்கொண்டிருந்த ஒரு பிள்ளையைப் பார்த்து, "இப்ப கத்தி என்ன வரப்போகுது?" என்று கேட்டுவிட்டேன். அதைவிட மோசமாகவும் ஒன்று சொன்னேன், அதை எழுதமாட்டேன். சில வருடம் கழித்து அதே பிள்ளை இரண்டாவது வயிற்றோடு என் கிளினிக்கில் வந்து நின்றாள். "மிஸ், அண்டைக்கு என்னை ஏசினது நீங்கதானே?" என்றாள். நான் என்ன மணிக்கூடு கட்டியிருந்தேன் என்பதுகூட அவளுக்கு ஞாபகம். எனக்கு அவள் முகமே ஞாபகம் இருக்கவில்லை. அன்றைக்கு மன்னிப்புக் கேட்டேன். களைப்பு ஒரு காரணம், ஆள் பற்றாக்குறை ஒரு காரணம், ஆனால் இரண்டும் சாட்டு ஆகாது.

ஆகவே அக்காவுக்கு நடந்தது நடக்காது என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். செய்யக்கூடியது என்னவென்றால், முதலில் அக்காவைக் கூப்பிட்டு முழுக்கதையையும் கேளுங்கள். எந்த நேரத்தில் ஏசினார்கள்? பல தடவை அது முக்கும் நேரத்தில் நடக்கிறது. கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறக்க முன் முக்காதே என்று சொல்லியிருப்பார்கள், உடம்பு கேட்டிருக்காது. அல்லது கால்களை ஒடுக்கியிருப்பாள். ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது முன்பே விளங்கியிருந்தால் அந்த இடத்தில் பாதிப் பிரச்சினை இல்லை. மீதிப் பாதிக்கு ஒரு வசனம் பழகுங்கள்: "மிஸ், நான் நீங்க சொல்றபடி செய்யிறன், எனக்கு ஒருக்கா விளங்கச் சொல்லுங்க." கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வந்தாலும் பரவாயில்லை. நோ நேரத்தில் புதிய வசனம் யாருக்கும் வராது, பழகிய வசனம்தான் வாயில் வரும். வரம்பு மீறி நடந்தால், வீட்டுக்கு வந்தபிறகு உங்கள் மிஸ்ஸிடம் சொல்லுங்கள், அவர் தன் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கொண்டுபோகலாம்.

கூட நிற்பவர் யார் என்பதை இன்னும் நீங்கள் எழுதவில்லை. பிரசவத்தின்போது தொடர்ந்து ஒருவர் பக்கத்தில் இருந்தால் நோ நேரம் கொஞ்சம் குறைகிறது, சீசருக்குப் போவதும் குறைகிறது, அனுபவமும் கசப்பாக முடிவதில்லை. இது பல நாடுகளில் ஆராய்ந்து கண்டது, உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் சொல்கிறது. நம்முடைய அரச ஆஸ்பத்திரிகளிலும் துணைக்கு ஒருவரை விடுவதை ஊக்குவிக்கிறார்கள். ஆனால் இடவசதியைப் பொறுத்து ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி நடைமுறை மாறும், பெண் துணையை மட்டும் விடுகிற இடங்களும் உண்டு. ஆகவே உங்கள் பெயர் எங்கே பதிவோ அங்கே, போதனா வைத்தியசாலையோ களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையோ, கிளினிக்குப் போகிற நாளிலேயே கேட்டுவிடுங்கள். ஆளைத் தெரிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். தாய்தான் வரவேண்டும் என்று சட்டமில்லை. மகள் 'அம்மா' என்று ஒரு சத்தம் போட்டதும் தான் அழத் தொடங்கிவிடும் தாய்மார் நிறையப் பேர். பிறகு நாங்கள் இரண்டு பேரைப் பார்க்கவேண்டும். உங்கள் அம்மா அப்படி என்றால், மனம் தளராத ஒரு மாமியோ சித்தியோ நல்லது. கட்டாரில் இருக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு வேலை கொடுங்கள்: வாகனத்துக்கும் ஆட்களுக்கும் பொறுப்பு அவர். போனிலேயே செய்யலாம். சும்மா இருந்து பயப்படுவதற்கு அது எவ்வளவோ மேல்.

துணைக்கு வருகிறவரோடு சேர்ந்து பழகவேண்டியது கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொரு பின்னேரமும் பழகவேண்டும். நோ வரும்போது மூக்கால் இழுத்து, வாயால் ஆறுதலாக, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். தாடையையும் தோளையும் தளர்த்துங்கள். பல்லைக் கடித்தால் கீழேயும் எல்லாம் இறுகும். கதிரையைத் திருப்பிப்போட்டு அதன் முதுகில் சாய்ந்து இருக்கப் பழகுங்கள், சுவரில் கைவைத்துக் குனிந்து இடுப்பை ஆட்டப் பழகுங்கள், நாலு காலில் நிற்கவும் பழகுங்கள். நீங்கள் குனிந்திருக்கும்போது துணைக்கு வருகிறவர் உள்ளங்கையின் அடிப்பகுதியால் உங்கள் இடுப்பெலும்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், அழுத்திப் பிடிக்கட்டும். எவ்வளவு அழுத்தினால் சுகம் என்பதை இப்போதே கண்டுபிடித்துவிட வேண்டும். படுப்பது எப்போதும் சரிந்துதான், நிமிர்ந்து வேண்டாம். முதல் பிள்ளைக்காரர்கள் கடைசிக் கிழமைகளில் பிறப்புவாயை எண்ணெய் தொட்டு விரலால் மெல்லத் தளர்த்திக்கொண்டால் கிழிசலும் தையலும் குறையும். அதைச் செய்யும் விதத்தை மிஸ்ஸிடம் நேரே கேளுங்கள். உங்களுக்கு நச்சுக்கொடி கீழே இருக்கிறதா, தொற்று ஏதும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அவர் சரி சொல்வார்.

நோவைப் பற்றி ஒரு கணக்கு. எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் இதைச் சொல்வேன். நோ நன்றாகப் பிடித்தபிறகு பத்து நிமிடத்துக்கு மூன்று தடவை வரும், ஒவ்வொன்றும் முக்கால் நிமிடம் என்று வையுங்கள். ஒரு மணித்தியாலத்தில் 18 நோ, மொத்தம் பதின்மூன்று பதின்நான்கு நிமிடம். மீதி 46 நிமிடம் நோ இல்லாத நேரம். பயந்தவர்கள் அந்த 46 நிமிடத்தையும் அடுத்த நோவை நினைத்தே கழிக்கிறார்கள். தாங்க முடியாவிட்டால் நோக் குறைக்கும் ஊசியைக் கேட்பதில் வெட்கமில்லை. பிள்ளை பிறக்கக் கிட்டிய நேரத்தில் போட்டால் பிள்ளை மந்தமாக இருக்கலாம் என்பதால் எப்போது போடுவது என்பதை அவர்கள்தான் சொல்வார்கள்.

இனிப் பாதை விசயம். உங்கள் ஊருக்கு இதுதான் எனக்குப் பெரிய யோசனை. முன்பெல்லாம் மண்முனைத்துறையில் 'பாதை' என்கிற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடக்கவேண்டும். காற்று எழும்பினால் பாதை ஓடாது. அக்கரையில் ஆஸ்பத்திரி, இக்கரையில் நோவோடு பெண். 2014இல் பாலம் திறந்தபிறகு அந்தக் காலம் போய்விட்டது. மழை போகவில்லை. உங்களுக்குத் தேதி மார்கழி கழிந்து தை பிறக்கும் நேரம். 2011 தை மாத வெள்ளத்தில் படுவான்கரை எப்படிக் கிடந்தது என்பது உங்கள் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும். பாலம் பாலமாகத்தான் இருக்கும், பாலத்துக்கு வரும் றோட்டில்தான் தண்ணீர் நிற்கும். ஆகவே 38 கிழமை, அதாவது வருடம் பிறந்த கையோடு, வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் யாராவது சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஆரையம்பதியோ களுதாவளையோ, யார் நல்ல சனமோ அங்கே. நம் பக்கத்தில் பெண் பிள்ளைகள் தாய்வீட்டை விட்டு நகர்வது பழக்கமில்லை, அம்மம்மா முகம் சுளிப்பார். இருந்தாலும் வாருங்கள். வந்தவுடன் அந்தப் பகுதி மிட்வைஃப்புக்கு உங்கள் மிஸ் ஒரு போன் போடட்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு குழந்தையோடு இருக்கிற வீட்டுக்கு எந்த மிட்வைஃப்பும் வராமல், இரண்டு பேரும் மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிடுவார்கள். அப்படி முதல் பத்து நாளும் ஒருவரும் பார்க்காமல் போன ஒரு தாயை எனக்குத் தெரியும், தவறு என் பக்கத்திலும் இருந்தது.

எப்போது புறப்படுவது? பொய்க்குத்து வரும் போகும், நடந்தால் குறையும், இடைவெளி ஒழுங்கில்லை. மெய்யான நோ நடந்தாலும் குறையாது, இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும், முதுகிலிருந்து சுற்றி முன்னுக்கு வரும். மல்லி அவித்துக் குடித்துப் பார்ப்பார்கள். குடியுங்கள், குற்றமில்லை, ஆனால் ஆமணக்கெண்ணெய் குடித்து நோவை வரவழைக்கும் வேலை மட்டும் வேண்டாம். பட்டணத்துப் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு நோ வந்தபிறகு வா என்போம். ஊரில் இருந்தால் நீங்கள் அதுவரை இருக்கவேண்டாம், ஒழுங்காகப் பிடித்துவிட்டது என்று தெரிந்ததும் புறப்படுங்கள். ஆஸ்பத்திரியில் 'இன்னும் நேரம் இருக்கு' என்றால் அங்கேயே நடந்துகொண்டிருக்கலாம். ஒரு நோவும் இல்லாமல் தேதி வந்துவிட்டால், கிளினிக்கில் வாட்டுக்கு வரச்சொன்ன நாளைத் தள்ளிப்போடாதீர்கள், பொங்கல் என்றாலும் சரி.

நோவை எண்ணிக்கொண்டு இருக்காமல் உடனே போகவேண்டிய நேரங்கள் உண்டு. பன்னீர்க்குடம் உடைந்தால், அதுவும் தண்ணீர் பச்சையாகவோ மண்ணிறமாகவோ இருந்தால். இரத்தம் பட்டால் (சளியோடு கொஞ்சம் சிவப்பு என்பது வேறு, அது நோ கிட்டுகிறது என்பதற்கு அடையாளம்). பிள்ளையின் துடிப்பு, அதாவது வயிற்றுக்குள் அசைவது, குறைந்தால். தலையிடி விடாமல் இருந்து கண் மங்கினால், நெஞ்சுக்குக் கீழே நொந்தால். இதில் துடிப்பைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பிறக்கப்போகிற நேரம் பிள்ளை அடங்கிவிடும் என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. தவறு. பிறக்கும் நாள் வரை பிள்ளை துடிக்கவேண்டும். குறைந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று படுக்கக் கூடாது. ஓட்டோக்காரர் ஒருவருக்கு இரண்டு பேராகச் சொல்லிவையுங்கள். அதற்கும் மேல் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இருக்கிறது, காசு இல்லை. அழைத்தால் வீட்டுக்கு வழி கேட்பார்கள். கோயில், பள்ளிக்கூடம், சந்தி என்று அடையாளம் சொல்ல வீட்டில் இருக்கிற எல்லாரும் பழகியிருக்கட்டும், சின்னப் பிள்ளைகள்கூட.

பையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அட்டை, அடையாள அட்டை, முன்பக்கம் திறக்கும் சட்டை இரண்டு, துவாய், பாட், பிள்ளைக்குத் துவைத்துக் காயவைத்த பருத்தித் துணி, சுடுதண்ணிப் போத்தல், போன் சார்ஜர். மழைக்காலம் என்பதால் எல்லாவற்றையும் பொலித்தீன் பைக்குள் போட்டு அடுக்குங்கள். நகை வேண்டாம்.

பிரசவ அறைக்குள் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். பிரஷர் பார்ப்பார்கள், பிள்ளையின் இதயத்துடிப்பை அடிக்கடி கேட்பார்கள், நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அளவில் உள்ளே பரிசோதிப்பார்கள். கர்ப்பப்பை வாய் 10 சென்ரிமீற்றர் திறக்கவேண்டும். முதல் ஐந்துவரை ஆறுதலாகத்தான் போகும். "மூன்றுதான்" என்று யாராவது சொன்னால் மனம் உடையவேண்டாம். ஐந்துக்குப் பிறகு முதல் பிள்ளைக்கு பன்னிரண்டு மணித்தியாலம் வரை எடுக்கலாம், அதற்குள் முடிவதுதான் அதிகம். நடக்கவிட்டால் நடங்கள், தண்ணீர் குடிக்கவிட்டால் குடியுங்கள், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழியுங்கள், நிரம்பிய பை பிள்ளை இறங்குவதைத் தடுக்கும். முக்கும் கட்டத்தில் மிட்வைஃப் "இப்ப முக்காதீங்க, ஊதுங்க" என்று ஓர் இடத்தில் சொல்வார். அது தலை வெளியே வரும் நேரம். அந்த ஒரு சொல்லைக் கேட்டால் தையல் குறையும். வெட்டித் தைப்பது எல்லாருக்கும் கட்டாயம் இல்லை, தேவைப்பட்டால்தான். பிள்ளை பிறந்ததும் தொடையில் ஓர் ஊசி போடுவார்கள். முதலில் அம்மம்மாவுக்குச் சொன்ன இரத்தப்பெருக்கு வராமல் காக்கிற ஊசி அதுதான், வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளையை நெஞ்சில் போட்டவுடன் பால் கொடுக்கப் பாருங்கள், முதல் மணித்தியாலத்துக்குள். மஞ்சளாகக் கொஞ்சமாக வரும், அந்த நேரத்துப் பிள்ளையின் வயிற்றுக்கு அது காணும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சண்டை வரும், இப்போதே சொல்லிவைக்கிறேன். அம்மம்மா சர்க்கரைத் தண்ணி தொட்டு வைக்கவேண்டும் என்பார், பால் காணாது என்பார், தொப்புளில் ஏதாவது பூசுவார். தாய்ப்பாலைத் தவிர ஆறு மாதம்வரை ஒன்றும் வேண்டாம், தொப்புளில் ஒன்றும் பூசவேண்டாம். ஆனால் எல்லாவற்றுக்கும் சண்டை பிடிக்காதீர்கள். சரக்கரைத்துத் தருவதைச் சாப்பிடுங்கள், முருங்கை இலை, பால்சுறாக் கறி எல்லாம் நல்லது. மரக்கறியும் பழமும் தண்ணீரும் மறிக்கப்பட்டால் மட்டும் அங்கே நில்லுங்கள். அந்தச் சண்டையை நீங்கள் பிடிப்பதைவிட மிஸ் பிடித்தால் சுலபம். முதல் ஐந்து நாளுக்குள் ஒருமுறையும், பத்து நாளுக்குள் மறுமுறையும் மிட்வைஃப் வீட்டுக்கு வரவேண்டும். வராவிட்டால் கூப்பிடுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பாட் முழுதாக நனைந்தால், காய்ச்சல் வந்தால், நாற்றத்தோடு போனால், மூச்சு வாங்கினால், காலில் ஒரு பக்கம் மட்டும் வீங்கினால் மிஸ்ஸுக்காகப் பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு. காரணமில்லாமல் அழுகை வருவது சில நாளில் அடங்கிவிடும். இரண்டு கிழமை தாண்டியும் நிற்காவிட்டால் அதையும் அவரிடம் சொல்லுங்கள், அது உங்கள் குணம் இல்லை, அதற்கு மருந்து இருக்கிறது.

அடுத்த கிளினிக்குக்கு அம்மாவையும் துணைக்கு நிற்கப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அரைப் பக்கத் தாளை அன்றைக்கே எழுதுங்கள். அம்மம்மா தானும் வருவேன் என்றால் மறிக்கவேண்டாம், ஒரு கதிரை மட்டும் கேட்டு வாங்கிக்கொடுங்கள், அங்கே காத்திருப்பு நீளும்.